பத்தொன்பது வருடம் நடக்காத கல்யாணம்

மூன்று மாடி ஏறிய மூச்சிரைப்பு அடங்குவதற்குள் அந்த அம்மா கைப்பையிலிருந்து ஓர் உறையை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"என் கல்யாணம் நடக்கவே இல்லையாம் சார். பத்தொன்பது வருஷம் கழிச்சுத் தபால்ல தெரிவிச்சிருக்காங்க."

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு எல்லாரும் வைத்திருந்த பெயர் 'நிதானம்'. முப்பது வருடம் நீதிமன்றத்தில் எழுத்தராகக் குப்பை கொட்டிவிட்டு, பிறகு திருச்சபையின் திருமணத் தீர்ப்பாயத்துக்கு வந்து சேர்ந்தவர். அங்கே அவருக்கு வாய்த்தது விசித்திரமான வேலை. 'என் திருமணம் செல்லாது' என்று யாராவது மனுப் போட்டால், அந்தத் திருமணத்தின் பக்கம் நின்று பேச ஓர் ஆள் இருந்தே ஆக வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். அவர் கணவனின் ஆளும் இல்லை, மனைவியின் ஆளும் இல்லை. இருவருக்கும் நடுவில் வாயில்லாமல் நிற்கிறதே ஒரு கல்யாணம், அதனுடைய ஆள்.

அவருக்கு உதவியாக இருந்த இளம் பெண் வழக்கறிஞருக்குத் 'தந்தி' என்று பெயர். பேச்சு அப்படி. எதிராளி கேள்வியை முடிப்பதற்குள் பதிலைக் கொடுத்துவிட்டு, கேட்காத கேள்விக்கும் ஒரு பதிலைத் தயாராக வைத்திருப்பாள். உறையை அவள்தான் முதலில் பிரித்தாள்.

விஷயம் இதுதான். வந்தவர் நகர நூலகத்தில் நூலகர். கணவர் கட்டட வரைபட அலுவலகம் ஒன்றில் வரைபடக்காரர். மூன்று வருடமாகத் தனியாக இருக்கிறார். இப்போது வேறொரு பெண்ணைத் தேவாலயத்தில் வைத்து மணக்க வேண்டும் என்று ஆசை. நீதிமன்றம் தரும் விவாகரத்து அதற்குப் பயன்படாது. திருச்சபைக்கு விவாகரத்து என்ற சொல்லே பிடிக்காது. ஆகவே அவர் வேறு கதவைத் தட்டியிருந்தார். மனைவியின் தகப்பனார் அப்போது தன் மேலாளர், பெண்ணைக் கட்டாவிட்டால் வேலை போய்விடும் என்று மிரட்டினார், பயத்தில்தான் சம்மதம் சொன்னேன், பயத்தில் சொன்ன சம்மதம் சம்மதமே இல்லை என்பது மனு. கல்யாணத்துக்கு முந்தின நாள் தன் அண்ணனுக்கு எழுதிய கடிதத்தைச் சாட்சியாகக் கொடுத்திருந்தார். அண்ணனும் இல்லை, மாமனாரும் இல்லை. இரண்டு பேரும் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிவிட்டது.

"விவாகரத்து கேட்டிருந்தா கொடுத்திருப்பேன் சார்," என்றார் நூலகர். இப்போதுதான் உட்கார்ந்தார். "முடிஞ்சு போச்சுன்னா, முடிஞ்சு போச்சு. யாரையும் கட்டிப்போட்டு வெச்சுக்க முடியாது. ஆனா ஆரம்பிக்கவே இல்லைங்கறாரே. செத்தவங்களுக்குக்கூட ஒரு கல்லறை இருக்கும். இதுக்கு அதுவும் கிடையாதாம்."

அவருடைய பதினேழு வயது மகள் விடுதியிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, 'அப்போ நான் யாரும்மா?' என்று கேட்டிருக்கிறாள். நிதானம் அதற்கு மட்டும் உடனே பதில் சொன்னார். திருமணம் செல்லாது என்று நாளைக்கே தீர்ப்பு வந்தாலும், அந்த வீட்டில் பிறந்த பிள்ளை முறையாகப் பிறந்த பிள்ளைதான். திருச்சபையும் சரி, இங்குள்ள நீதிமன்றமும் சரி, அதில் கை வைக்காது. மகளிடம் இன்றைக்கே சொல்லிவிடச் சொன்னார்.

"சரி, அவளுக்கு ஒண்ணும் ஆகாது. எனக்கு?" என்று கேட்டார் நூலகர். நிதானம் மனுவைத் தன் பக்கம் இழுத்து மறுபடி முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

கிளம்பும்போது நூலகர் பாதி தனக்குத்தானே புலம்பினார். ஒவ்வொரு ஜூன் இருபத்திநாலாம் தேதியும் கணவருக்கு ஒரு சட்டை எடுத்துக் கொடுப்பாராம். ஒவ்வொரு தடவையும் 'இது எதுக்கு?' என்று கேட்பாராம் அந்த மனுஷர். பதினாறு சட்டை வாங்கியும் கல்யாண நாள் அவர் மண்டையில் ஏறவில்லை. "அது ஒரு குறையான்னு நினைச்சு விட்டுட்டேன்," என்றார். நிதானம் வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

கடிதம் தீர்ப்பாயத்தின் பெட்டியில் பூட்டியிருந்தது. விசாரணை நாள்வரை மனைவி தரப்புக்குக் காட்டமாட்டார்கள். கல்யாணத்தின் ஆளான நிதானத்துக்குக் காட்டினார்கள். ஒரே பக்கம். 'அண்ணா, நாளைக் காலை இந்நேரம் தேவாலயத்தில் நின்றுகொண்டிருப்பேன். சம்மதம் என்று வாய் சொல்லும், மனம் சொல்லாது. மறுத்தால் வேலை போய்விடும். வேறு வழி தெரியவில்லை' என்று அழகான, சாய்வில்லாத எழுத்து. வலது கீழ் மூலையில் அளவுகோல் வைத்துப் போட்ட சின்னக் கட்டம். அதற்குள் ஜூன் 11 என்று தேதி, வருடத்தோடு.

"கடிதத்துக்குமா கட்டம் கட்டுவாங்க?" என்று தந்தி சிரித்தாள்.

"வரைபடக்காரங்க எதை எழுதினாலும் அந்த மூலையில தேதி போட்டாத்தான் அவங்களுக்குச் சோறு இறங்கும்," என்றார் நிதானம்.

தந்தி தீர்ப்பாயத்தின் அனுமதியோடு கடிதத்தை ஒரு நிபுணரிடம் எடுத்துக்கொண்டு ஓடினாள். இரண்டு நாளில் முகம் வாடித் திரும்பி வந்தாள். காகிதம் உண்மையிலேயே பழையது. வரைபட அலுவலகம் அந்தக் காலத்தில் பயன்படுத்திய தாள். மையைப் பற்றி நிபுணர் பிடிகொடுத்துப் பேசவில்லை. கையெழுத்தோ சந்தேகமில்லாமல் அந்த மனிதருடையது. நாம் தோற்றுவிட்டோம், பேசாமல் அந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றாள்.

"கையெழுத்து அவரோடதுதான். அதுல எனக்குச் சந்தேகமே வரல," என்று சொல்லிவிட்டு நிதானம் கல்யாணப் புகைப்படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நூலகர் விட்டுப்போன படம். மாப்பிள்ளை கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார், அவ்வளவு வெயில். பெண்ணோ கழுத்துவரை மூடிய உடை, முழங்கை தாண்டிய கையுறை, முகத்தில் அப்பிய பவுடர். இடது புருவத்துக்கு மேலே கறுப்பாக ஒரு புள்ளி.

"மை தெறிச்சிருக்கு," என்றாள் தந்தி.

நிதானம் படத்தை இன்னும் கொஞ்சம் வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார்.

அன்று தேநீர் நேரத்தில் தந்தி பொரிந்து தள்ளினாள். இந்த 'செல்லாது' வியாபாரமே மோசடி, வசதிப்பட்டவர்கள் பழைய பெண்டாட்டியை அழிப்பான் வைத்து அழிக்கிற வேலை என்றாள். நிதானம் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாக மறுத்தார். போன வருடம் ஒரு பெண் வந்தாள். பதினைந்து வயதில் அண்ணன்மார் இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நிற்க, 'சம்மதம்' சொன்னவள். அவளைப் போய் 'உனக்குக் கல்யாணமாகி, பிறகு விவாகரத்தாயிற்று' என்று சொல்வது இன்னொரு அடி அடிப்பதற்குச் சமம். அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை, அதுதான் உண்மை. அந்த வழக்கில் தோற்றுவிட்டு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினாராம்.

நீதிமன்றம் கேட்பதும் கிட்டத்தட்ட அதே கேள்விதான் என்றார். ஏற்கெனவே ஒரு துணை உயிரோடு இருந்ததா, வயது வந்திருந்ததா, மிரட்டலா, ஏமாற்றா என்று பார்க்கும். திருச்சபை இன்னும் கொஞ்சம் உள்ளே போய், அந்த ஒரு நிமிடத்தில் மனம் எங்கே இருந்தது என்று கேட்கும். "விவாகரத்து கடைசி நாளைப் பத்திப் பேசறது. இது முதல் நாளைப் பத்திப் பேசறது. அதனால நாமளும் முதல் நாளுக்குத்தான் போகணும், வா."

முதல் நாள் தேவாலயத்தின் பின்னறையில் ஓர் இரும்பு அலமாரிக்குள் இருந்தது. பதிவேட்டுக்காரர் நாற்பது வருடமாக அதே நாற்காலியில் இருப்பவர். சட்டைப்பையில் மூன்று பேனா. பதிவேட்டைக் கைக்குழந்தையைத் தருவதுபோல இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார். ஜூன் மாதப் பக்கத்தில் மூன்று திருமணங்கள். நடுவில் இருந்தது இவர்களுடையது: தேதி, ஜூன் 12.

"தேதி சரியாத்தானே இருக்கு," என்று தந்தி பெருமூச்சு விட்டாள். "கடிதம் பதினொண்ணு, கல்யாணம் பன்னிரண்டு. இடுக்கே இல்ல சார்."

நிதானம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பக்கத்தையே பார்த்தார். மூன்று பதிவுகளும் ஒரே கறுப்பு மை, ஒரே மூச்சில் எழுதினமாதிரி. கீழே தம்பதிகளும் சாட்சிகளும் போட்ட கையொப்பங்கள் மட்டும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். நல்ல கையெழுத்து என்று பாராட்டினார். பதிவேட்டுக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. மாதத்தின் முதல் நாளே உட்கார்ந்து எழுதிவிடுவாராம். கல்யாணக் கூட்டத்தின் நடுவில் எழுதினால் கோணல் வருமாம்.

"நாப்பது வருஷத்துல ஓர் அடித்தல் திருத்தல் காட்டுங்க பார்ப்போம்," என்றார் நெஞ்சை நிமிர்த்தி.

நிதானம் புரட்டிப் பார்த்தார். ஒன்றுகூட இல்லை. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். அடுத்து நூலகத்துக்குப் போகலாம் என்றார். இப்போது என்ன படிப்பு வேண்டியிருக்கிறது என்று தந்தி சலித்துக்கொண்டாள்.

படிப்பதற்கில்லை. நூலகங்கள் எதையும் தூக்கிப் போடுவதில்லை என்பது அவருடைய நம்பிக்கை, அது வீண்போகவில்லை. மாடிப்படிக்குக் கீழே இருந்த கிடங்கிலிருந்து பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய பணியாளர் வருகைப்பதிவேடு வந்தது, தூசியோடு. நம் நூலகரின் பெயருக்கு நேரே ஜூன் ஏழு முதல் சிவப்பு மையில் ஒரு குறி வரிசையாக ஓடியது. இருபத்திநான்கிலிருந்து மாதக் கடைசிவரை வேறொரு குறி. அவற்றின் பொருளை அலுவலக மேலாளரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டார். தந்தி எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் வாயை மூடிக்கொண்டாள். அவள் தானாக வாயை மூடியது அந்த வருடத்தில் அதுதான் முதல் தடவை.

விசாரணை அறை சின்னது. நீள மேஜை, ஆறு நாற்காலி, சுவரில் ஒரு சிலுவை. தலைமையில் வயதான குருவானவர் ஒருவர். மூன்று பேர் பேசினால் அதில் இரண்டு பேர் பொய் சொல்வார்கள் என்று அனுபவத்தில் கண்டவர், ஆனாலும் மூன்று பேருக்கும் தேநீர் வரவழைப்பவர். ஒரு பக்கம் வரைபடக்காரர், சட்டையின் மேல்பொத்தான்வரை போட்டுக்கொண்டு. எதிரே நூலகர். ஓரத்தில், தன்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று புரியாமல் பதிவேட்டுக்காரர்.

நிதானம் புகைப்படத்தை வரைபடக்காரர் பக்கம் நகர்த்தினார். புருவத்துக்கு மேலே இருக்கிற புள்ளி என்ன என்று கேட்டார்.

அவர் எட்டிப் பார்த்தார். "அம்மைத் தழும்பு. கல்யாணத்துக்கு முன்னால அவளுக்கு உடம்பு பூரா அம்மை போட்டுச்சு."

"அப்போ கல்யாணம்?"

"தள்ளி வெச்சோம்."

"எந்தத் தேதிக்கு?"

"பன்னிரண்டுக்கு. சர்டிபிகேட்டுலயே இருக்கே."

நூலகர் தலையைத் தூக்கினார். ஏதோ சொல்ல வாயெடுத்தவரை நிதானம் கையமர்த்தினார். பிறகு பதிவேட்டுக்காரர் பக்கம் திரும்பி, ஒன்றாம் தேதியே எழுதிவைத்த கல்யாணம் தள்ளிப்போனால் அவர் என்ன செய்வார் என்று கேட்டார்.

பதிவேட்டுக்காரர் நெளிந்தார். தண்ணீர் குடித்தார். கடைசியில், எழுதினது எழுதினதுதான் என்று ஒப்புக்கொண்டார். பக்கத்தை அடிக்க மனசு வரவில்லை. கல்யாண அவசரத்தில் தேதியை யார் பார்க்கிறார்கள், கையொப்பம் போட்டுவிட்டுப் படம் எடுக்க ஓடுகிறார்கள். இந்தக் கல்யாணம் இருபத்திநாலாம் தேதிதான் நடந்தது. பதிவேட்டில் பன்னிரண்டாகவே இருந்துவிட்டது.

"அப்போ நான் எழுதினதால எல்லார் கல்யாணமும் செல்லாமப் போச்சா ஃபாதர்?" என்று பதறிக் கேட்டார்.

குருவானவர் தலையசைத்தார். கல்யாணத்தைச் செய்வது இரண்டு பேருடைய சம்மதம். பதிவேடு அதற்குப் பின்னால் வருகிற காகிதம். காகிதம் தப்பு சொன்னால் காகிதத்தைத் திருத்த வேண்டியதுதான். நாளைக்கே உட்கார்ந்து அடித்து எழுதும்படி சொன்னார். பதிவேட்டுக்காரருக்கு அது தண்டனையாகவே பட்டது.

நிதானம் இப்போது வருகைப்பதிவேட்டைத் திறந்து மேஜைமேல் வைத்தார். ஏழாம் தேதி முதல் இருபத்திமூன்றுவரை நோய் விடுப்பு, இருபத்திநான்கிலிருந்து திருமண விடுப்பு. அதன் பக்கத்தில் கடிதத்தை வைத்தார்.

"ஏழாம் தேதியே அம்மை. பன்னிரண்டாம் தேதிக் கல்யாணம் அப்பவே நின்னுபோச்சு. பதினொண்ணாம் தேதி இந்த அம்மா படுக்கையில இருந்தாங்க. 'நாளைக்குக் காலையில தேவாலயத்துல நிப்பேன்'னு அன்னைக்கு உட்கார்ந்து எழுத யாராலயும் முடியாது. கல்யாணத்தை நினைச்சுப் பார்த்து எழுதியிருந்தா இந்தத் தேதி வராது. சர்டிபிகேட்டைப் பார்த்து எழுதினாத்தான் வரும்."

நிதானம் குரலை உயர்த்தாமல் தொடர்ந்தார். கல்யாணம் தள்ளிப்போனது இவருக்கு ஞாபகம் இருந்தது. எதிலிருந்து எதற்கு என்பது இல்லை. பதினாறு சட்டைகள் சொல்லியும் ஏறாத தேதிக்குக் காகிதத்தைத்தான் நம்ப வேண்டியிருந்தது. காகிதத்தை நம்புவது அவர் தொழில். தேதியே போடாமல் விட்டிருந்தால் இந்தக் கடிதத்தை யாரும் அசைத்திருக்க முடியாது. ஆனால் மூலையை வெறுமையாக விட அவர் கை சம்மதிக்கவில்லை.

வரைபடக்காரரின் காது சிவந்துவிட்டது. அவர் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய்ச்சாட்சியம் எழுதிக்கொடுத்ததற்கு என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை.

"கடிதம் போகட்டும்," என்றார் நிதானம். "மிரட்டல் உண்மையா இருக்கலாம், அதுக்குக் கடிதம் தேவையில்ல. நான் கேக்கறது வேற. மிரட்டின மாமனார் வீட்டுல பொண்ணு அம்மையில கிடந்துச்சு. பதினேழு நாள். பார்த்துக்கிட்டது யாரு?"

நூலகர் ஜன்னல் பக்கம் பார்த்தார். வரைபடக்காரர்தான் பதில் சொன்னார்.

"நான்தான்."

"ஏன் நீங்க?"

"அந்த வீட்டுல மத்த யாருக்கும் அதுவரைக்கும் அம்மை வந்ததில்ல. கிட்டப் போகப் பயந்தாங்க. எனக்குச் சின்ன வயசுலயே வந்துபோயிடுச்சு."

"அவங்கப்பா போகச் சொன்னாரா?"

"வராதேன்னுதான் சொன்னாரு. கல்யாணத்துக்கு முன்னால நல்லாயிருக்காதுன்னு."

நிதானம் காத்திருந்தார். அவர் காத்திருப்பது ஒரு தனி வித்தை. எதிரில் இருப்பவர் அந்த மௌனத்தை நிரப்பாமல் தப்ப முடியாது.

"அலுவலகம் விட்டதும் நேரா அங்கதான் போவேன். பேப்பர் படிச்சுக் காட்டுவேன். அவளுக்கு அரிப்பு தாங்காது, சொறிஞ்சா முகத்துல குழி விழுந்துடும்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. அதனால..." அவர் நிறுத்தினார். "ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். தூங்கற வரைக்கும். இந்த ஒண்ணுதான் தப்பிடுச்சு, புருவத்து மேல."

குருவானவர் முன்னால் சாய்ந்து மெதுவாகக் கேட்டார். "பதினேழு நாள் விலகிப் போக உனக்கு வழி திறந்தே கிடந்திருக்கு தம்பி. அப்போ, அந்த இருபத்திநாலாம் தேதி, உன் மனசு அங்க இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சு ஃபாதர்." அவர் கையால் கண்ணை மூடிக்கொண்டார். "அப்போ இருந்துச்சு."

நூலகர் அழுதுவிட்டார். சத்தமில்லாமல், முகத்தைத் துடைக்காமல் அழுதார். மூன்று வருடமாகவும், தபால் வந்த நாளிலிருந்தும் அடக்கிவைத்திருந்தது எல்லாம் வந்தது. குருவானவர் அவசரப்படுத்தவில்லை. பிறகு, மனு நிற்காது, திருமணம் செல்லும் என்று எழுத்தில் வரும் என்றார். பொய்க் கடிதத்துக்காக நூலகர் புகார் கொடுக்க விரும்பினால் தீர்ப்பாயம் துணை நிற்கும் என்றும் சொன்னார்.

"புகார் எல்லாம் வேண்டாம் ஃபாதர்," என்றார் அவர். கணவரை நேராகப் பார்த்தார். "இருந்துச்சுன்னு உங்க வாயால சொல்லிட்டீங்க. எனக்கு அது போதும். அடுத்த வாரம் கோர்ட்டுக்கு வாங்க, விவாகரத்துக்கு நானே கையெழுத்துப் போடறேன்."

அது கிடைத்தாலும் தேவாலயத்தில் மறுமணம் செய்ய முடியாது என்று குருவானவர் வரைபடக்காரருக்கு நினைவுபடுத்தினார். தெரியும் என்று அவர் தலையாட்டினார். பதிவு அலுவலகத்தில் செய்துகொள்வதா, செய்துகொள்ளாமலே இருப்பதா என்பது இனி அவர் பாடு. நூலகர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். மகள் விடுதியில் தொலைபேசி அருகே காத்திருப்பாள்.

படி இறங்கும்போது தந்திக்கு ஆறவே இல்லை. இவ்வளவு மண்டையை உடைத்துக்கொண்டு அந்தக் கல்யாணத்தைக் காப்பாற்றிக் கொடுத்தால், ஜெயித்த கையோடு அந்த அம்மா அதை விட்டுக்கொடுத்துவிட்டுப் போகிறாரே, இதற்கு நாம் எதற்கு என்று கேட்டாள்.

நிதானம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இரண்டு படி இறங்கினார்.

"விட்டுக்கொடுக்கணும்னா முதல்ல அது அவங்க கையில இருக்கணும்லம்மா," என்றார்.

கீழே தெருவில் நூலகர் பொதுத் தொலைபேசிக்கு முன்னால் நின்று, மகளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.